முதல் வரி வெறும் குப்பை

"எக்ஸ்பர்ட் சார், மறுபடியும் சுத்துது!"

கவுண்டர் அக்கா குரல் கொடுத்தாள். சுற்றியது அவள் தலையல்ல, திரையில் இருந்த சின்ன வட்டம். பழைய கார் ஒன்றின் வயது, ஓடிய தூரம், அடிபட்ட இடங்கள் எல்லாவற்றையும் தட்டிவிட்டு 'விலை சொல்' என்ற பொத்தானை அமுக்கியிருந்தாள். எதிரே காரின் சொந்தக்காரர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பழைய கார்களுக்கு விலை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகம் அது. வட்டம் சுற்றி முடித்தால்தான் விலை வரும், விலை வந்தால்தான் சான்றிதழ்.

"சுத்தட்டும்க்கா. நான் ஆராய்ச்சியிலதான் இருக்கேன்" என்றார் நிபுணர்.

நிபுணர் என்று அழைத்தால் அவருக்குப் பிடிக்கும் என்பதால் நாமும் அப்படியே அழைப்போம், காசா பணமா. அவர் மேசைமேல் 'டேட்டாபேஸ் நிபுணர்' என்று பொன்னெழுத்தில் ஒரு பலகை நின்றது. அலுவலகம் கொடுத்ததல்ல. வேலையில் சேர்ந்த அன்றே சொந்தச் செலவில் செய்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தது.

"நான் சேர்ந்ததுல இருந்து இப்படித்தான் சார் சுத்துது. கூட்டமா இருந்தாலும் அதே நேரம்தான், ஈ ஓட்டிட்டு இருந்தாலும் அதே நேரம்தான்" என்றாள் கவுண்டர் அக்கா.

"அக்கா, நீங்க கவுண்டரைப் பாருங்க. டேட்டாபேஸ் என்ன பண்ணுதுன்னு டேட்டாபேஸ்கிட்டதான் கேக்கணும், உங்ககிட்ட கேக்கக் கூடாது."

அவர் டேட்டாபேஸிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எந்த டேட்டாபேஸும், எதற்காக எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தேன் என்று தனக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். டிஸ்க்கிலிருந்து படிக்கக் காத்திருந்தது இவ்வளவு, அடுத்தவன் பூட்டிவைத்ததற்காகக் காத்திருந்தது இவ்வளவு என்று வரிவரியாகச் சொல்லும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது நோயாளியின் நாடி. படிக்கத் தெரியாதவன் நோயாளியின் கையை விட்டுவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துப் பார்த்து, ஜுரம் இல்லை என்பான்.

அந்தப் பட்டியல், டேட்டாபேஸ் ஓடுகிற சர்வரை என்றைக்கு இயக்கினார்களோ அன்றிலிருந்து சேர்ந்துகொண்டே வருவது. இன்றைக்கு என்ன கோளாறு என்று தெரிய, இப்போது ஒரு முறை பார்த்து, கொஞ்சம் கழித்து இன்னொரு முறை பார்த்து, நடுவில் எது ஏறியது என்று கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தல் நிபுணருக்குக் கௌரவக் குறைச்சல். மொத்தத்தை எடுப்பார், பெரியதைப் பிடிப்பார், அடிப்பார்.

பெரியதிலும் முதல் வரியை மட்டும் தொடமாட்டார். முதல் வரியின் பெயர் 'வெயிட்ஃபார்'. யாரோ நில் என்று கட்டளை எழுதிவைத்ததால் நின்ற நேரம். சர்வருக்குள் இடையிடையே தூங்கி எழும் சில்லறை வேலைகள் உண்டு, அவையெல்லாம் இந்த வரியில் விழும், ஆகவே பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். 'பெரும்பாலும்' என்ற சொல் நிபுணரின் கண்ணில் படவில்லை. அந்த வரியைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் வடிகட்டி ஒன்றையும் அதே இடத்திலிருந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு அவர் வந்த கதையே அந்த வரியில்தான் ஆரம்பித்தது. அதை அவர் யாரிடம் சொல்லாமல் விட்டார்! அலுவலக வாசலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட ஒருமுறை கேட்டிருப்பார்கள்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு கூட்டமே வந்திருந்தது. முதலாளியின் டிரைவர்தான் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். போன ஒவ்வொருவரும் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். நிபுணரின் முறை வந்தது. முதலாளி இந்தக் காத்திருப்புப் பட்டியலை ஒரு தாளில் எடுத்து முன்னால் தள்ளி, "இதுல எதைப் பாக்கணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நிபுணர் பென்சிலை எடுத்து முதல் வரியைக் குறுக்கே அடித்தார். "இது வெறும் குப்பை சார். விஷயம் தெரிஞ்சவன் எவனும் இதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வரியிலிருந்து டிஸ்க்கைப் பற்றி ஒரு பிரசங்கம் அளந்துவிட்டார். முதலாளி எழுந்து வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைத்தான் இவ்வளவு நாளாத் தேடிட்டு இருந்தேன்!"

கேட்டதைவிட அதிகச் சம்பளம் கொடுத்தார். வாய்ச்சவடாலுக்கு மயங்காத முதலாளியை எந்த ஊரிலும் காட்ட முடியாது என்பது வேறு விஷயம். நிபுணருக்கு அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை.

இப்போது முதலாளி ஊரில் இல்லை. கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குப் போயிருந்தார். கிளம்பும்போது நிபுணரைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாம் இப்ப ஓடற மாதிரியே ஓடட்டும். நீங்க எதையும் தொட வேண்டாம். நான் வந்ததும் உங்க வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் முதலாளிக்கு ஒரு மருமகன் இருந்தார்.

மருமகன்தான் மேனேஜர். சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் கைப்பேசி, வாயில் நேற்றுக் கேட்ட ஏதோ ஒரு சொற்பொழிவு. அன்று காலை கவுண்டருக்குப் பின்னால் நின்று வட்டம் சுற்றுவதை வேடிக்கை பார்த்தவர், நேராக நிபுணரின் மேசைக்கு வந்தார்.

"எக்ஸ்பர்ட், இது என்ன ஆமை? மாமா வெள்ளிக்கிழமை வர்றாரு. கண்ணுல கட்டு அவுத்து அவரு பாக்கற முதல் விஷயம் நம்ம வேகமா இருக்கணும். பொத்தானைத் தட்டினா, தட்டின விரலை எடுக்கறதுக்குள்ள விலை வரணும்."

"முதலாளி எதையும் தொட வேண்டாம்னு..."

"அது பெரியவங்களோட அடக்கம். வேண்டாம்னு சொன்னா, செஞ்சு காட்டுன்னு அர்த்தம். நீங்க செஞ்சா நிரந்தரம். செய்யலேன்னா, இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலேன்னு நானே மாமாகிட்ட சொல்லிடுவேன்."

நிபுணர் அவசரமாகப் பட்டியலைத் திறந்தார். காரணம் இருந்தது. அவரும் மனைவியும் மனைவியின் அண்ணன் வீட்டு மாடியறையில் ஒண்டிக் குடித்தனம். வேலை நிரந்தரமானதும் தனி வீடு பார்த்துப் போய்விடுவதாக மனைவி தன் பக்கத்துச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. அண்ணி மாடியறைக்குப் புதுத் திரைச்சீலைகூட வாங்கிவைத்துவிட்டாள், இவர்களுக்கு அல்ல, இவர்கள் போனபிறகு மாட்டுவதற்கு.

"டிஸ்க்தான் சார் காரணம். பட்டியல்ல அதுதான் பெரிசு. புது டிஸ்க் வாங்குங்க, பறக்கும்" என்றார் நிபுணர்.

பட்டியலில் டிஸ்க் பெரிதாக இருந்ததற்குக் காரணம், ஆள் இல்லாத நேரத்தில் மொத்த டேட்டாபேஸையும் பிரதி எடுத்துவைக்கும் வேலை. அதற்கும் கவுண்டருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கேட்பார் யார்? புது டிஸ்க் வந்தது. அதை மாட்ட சர்வரை நிறுத்தினார்கள். கவுண்டர் முன்னால் நாற்காலிகள் நிறைந்து, சுவரோரம் நிறைந்து, படிக்கட்டு நிறைந்தது. சர்வர் எழுந்தபோது அதன் ஞாபகமெல்லாம் துடைத்துக் காலியாகியிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்ததையெல்லாம் மறுபடி டிஸ்க்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவர வேண்டியதாயிற்று. வட்டம் முன்னைவிட அதிகமாகச் சுற்றியது.

"பாத்தீங்களா! டிஸ்க் காத்திருப்பு எவ்வளவு ஏறியிருக்கு! நான் சொன்னது எவ்வளவு கரெக்ட்!" என்று நிபுணர் மேனேஜருக்குத் திரையைக் காட்டினார்.

"கரெக்ட்டா இருந்து என்ன பண்ண? விலை வரலையே" என்றார் மேனேஜர். அவர் வாழ்நாளில் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்த ஜன்னல் கொக்கி..."

"இரு. நான் ஒரு பெரிய பிரச்சினையில இருக்கேன். எல்லாரும் எதுக்கோ காத்துட்டு இருக்காங்க. யாரு எதுக்குக் காத்துட்டு இருக்காங்கன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சது."

"இந்த வீட்டுல காலையில எல்லாரும் பாத்ரூமுக்குக் காத்துட்டு இருக்கோம். உள்ள உக்காந்து கைப்பேசி பாக்கறது நீங்க."

"அது வேற."

"நான் உங்க வேலை நிரந்தரமாகறதுக்குக் காத்துட்டு இருக்கேன். அது உங்க பட்டியல்ல எத்தனாவது வரி?"

நிபுணர் கைப்பேசியோடு பாத்ரூமுக்குள் போய்விட்டார். அந்த வரியும் அவர் வடிகட்டியில் போய்விட்டது போலும்.

மறுநாள் இரண்டாவது குற்றவாளியைப் பிடித்தார். ஒரு பெரிய கேள்வி வந்தால் சர்வருக்குள் பல பேர் அதைப் பிரித்துக்கொண்டு தேடுவார்கள். முதலில் முடித்தவன் மற்றவன் முடிக்கும்வரை நிற்பான். கூட்டாக வேலை செய்தால் அப்படித்தான், கல்யாண வீட்டில் இலை போட்டவன் பரிமாறுகிறவனுக்காக நிற்பதில்லையா? நிபுணருக்கு அது பொறுக்கவில்லை.

"ஒருத்தனுக்காக ஒருத்தன் நிக்கறானுங்க சார், சோம்பேறிப் பசங்க. இனிமே ஒரு கேள்விக்கு ஒரே ஆள்" என்று அந்த அமைப்பை மாற்றினார்.

காத்திருப்பு என்னவோ குறைந்தது. பட்டியலில் அந்த வரி அடையாளம் தெரியாமல் கீழே போனது. ஆனால் மேனேஜர் தினமும் காலையில் பார்க்கும் பெரிய அறிக்கையை இப்போது ஒற்றை ஆள் முக்கி முனகிச் செய்ய வேண்டியதாயிற்று. அது முடியும்வரை கவுண்டரும் அதோடு சேர்ந்து ஊர்ந்தது.

"என் அறிக்கை எங்க?" என்று அறையிலிருந்து கத்தினார் மேனேஜர்.

"என் விலை எங்க?" என்று கூடத்திலிருந்து ஒரு கிழட்டுக் காரின் சொந்தக்காரர் கத்தினார்.

"காத்திருப்பு குறைஞ்சிருக்கு சார்!" என்று நிபுணர் திருப்பிக் கத்தினார். கூடத்தில் இருந்தவர்கள் அவரை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

போதாக்குறைக்கு, சோதனை பண்ணுகிறேன் என்று விலைப் பட்டியலில் ஒரு காரின் விவரத்தை மாற்றினார். மாற்றியதை உறுதி செய்யவில்லை, வேண்டாம் என்று விடவும் இல்லை, அப்படியே திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். பாதியில் விட்ட மாற்றம் முடியும்வரை விலைப் பட்டியல் பூட்டியே கிடக்கும், அதன் பின்னால் மொத்த அலுவலகமும் வரிசையில் நின்றது. திரும்பி வந்து காத்திருப்புப் பட்டியலைப் பார்த்தவருக்கு ஒரே குதூகலம்.

"பூட்டு! பூட்டுதான் காரணம்! யாரோ ஒரு முட்டாள் திறந்துவெச்சுட்டு எழுந்து போயிருக்கான். அவனை நான் சும்மா விடமாட்டேன்!"

மேனேஜரும் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு மேசையாகத் தேடினார். கணக்குப் பிரிவில் ஒரு பெண்ணை அழவிட்டார்கள். கடைசியில் அந்த முட்டாள் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறான் என்று சர்வரைக் கேட்டு, வந்த பெயரைப் பார்த்த நிபுணர், சத்தம் போடாமல் தன் மேசைக்குப் போய், திரையில் திறந்து கிடந்த தன் சோதனையை மூடிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"தானாவே சரியாயிடுச்சு சார். சில சமயம் அப்படி ஆகும்."

அழுத பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து வந்த வரி, சர்வர் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்கிற பக்கம் வாங்கவில்லை என்று நிற்கிற நேரம். வாங்கிக்கொள்கிற பக்கம் யார்? நிபுணர் கவுண்டரின் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்தான் மந்தம். எழுந்திருங்க."

"நல்லாத்தான சார் இருக்கு? இது ஒண்ணுதான் இங்க நல்லா இருக்கு."

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கும் பழைய பிரிண்டருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வட்டம் சுற்றி முடித்து, விலை வந்து, சான்றிதழ் மட்டும் வரவில்லை. கவுண்டர் அக்கா கையால் எழுத ஆரம்பித்தாள். முதல் சான்றிதழை வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கும்மா. ஆனா இதை நம்பி எவன் என் காரை வாங்குவான்?"

அந்த வரி ஏறியதற்கு உண்மையான காரணம், மேனேஜர் தன் அறிக்கையைத் திறந்துவைத்துவிட்டுப் பாதியில் கைப்பேசியில் பேசப் போய்விடுவதுதான். சர்வர் மீதிப் பாதியைக் கையில் ஏந்திக்கொண்டு அவருக்காக நிற்கும். மேனேஜரைக் குற்றம் சொல்லும் அளவுக்கு எந்தப் பட்டியலும் நிபுணருக்குத் தைரியம் கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மேனேஜர் நிபுணரின் மேசைமேல் கையூன்றினார்.

"திங்கக்கிழமை ஆமையா இருந்தது. இப்ப நத்தையாயிடுச்சு. இதுக்குப் பேரு எக்ஸ்பர்ட்டா? நாளைக்கு மாமா வர்றாரு. விலை வேகமா வரணும். இல்லேன்னா இந்தப் பலகையை நீங்க எந்தப் பையில கொண்டுவந்தீங்களோ அதே பையில எடுத்துட்டுப் போகலாம்."

நிபுணர் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மாடியறையில் ஜன்னல் வழியாக மழை அடித்து, படுக்கையின் ஒரு பாதி நனைந்திருந்தது. அவர் நனைந்த பாதியில்தான் உட்கார்ந்தார்.

"என்ன இது? ஜன்னல் ஏன் திறந்து கிடக்கு?"

மனைவி அவரையே பார்த்தாள்.

"கொக்கி போச்சு, கொக்கி போச்சுன்னு நான் தினம் வந்ததும் வராததுமா சொல்றேன். வேற கதையெல்லாம் கேப்பீங்க. அண்ணன் என்ன சொன்னாரு, அண்ணி என்ன சொன்னாங்க, எல்லாம் கேப்பீங்க. நான் மொதல்ல சொல்றது மட்டும் உங்க காதுல விழவே விழாது. மொதல்ல சொல்றதுன்னாலே உங்களுக்குக் குப்பை!"

நிபுணருக்குச் சுரீர் என்றது. முதலில் சொல்வது. குப்பை. ஆயுளில் முதல்முறையாக மனைவி சொன்னதை அவர் கேட்டார், அதுவும் கொக்கிக்காக அல்ல.

வெள்ளிக்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகத்தில் இருந்தார். இதுவரை மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தார். பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தார். முதல் வரி கொழுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கழித்தலும் செய்தார். கவுண்டர் அக்காவை ஒரு விலை கேட்கச் சொன்னார். வட்டம் சுற்றி நின்றதும் மறுபடி பட்டியலைப் பார்த்தார். வேறு எந்த வரியும் அசையவில்லை. முதல் வரி மட்டும், வட்டம் சுற்றிய அதே நேரத்துக்கு ஏறியிருந்தது.

விலை சொல்லும் நிரலைத் திறந்தார். கண்ணெதிரே இருந்தது. விலையைக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் நில் என்று ஒரு வரி. சும்மா நில். அவ்வளவுதான். சர்வர் கண்ணிமைக்கும் நேரத்தில் விலையைக் கண்டுபிடித்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்டு இத்தனை நாளாகக் கைகட்டி நின்றிருக்கிறது.

நிபுணர் அந்த வரியை அழித்தார்.

"அக்கா, இப்ப தட்டுங்க!"

தட்டினாள். விரலை எடுப்பதற்குள் விலை வந்தது. பிரிண்டர் சான்றிதழைத் துப்பியது. மேனேஜர் ஓடிவந்து நிபுணரைக் கட்டிக்கொண்டார்.

"எந்த மடையன் சார் அந்த வரியை எழுதினான்? அவன் பேரைக் கண்டுபிடிங்க. மாமா வந்ததும் மானத்தை வாங்கிடலாம்!"

"அதான் சார், என்னை மாதிரி ஒருத்தர் இல்லேன்னா..." என்று நிபுணர் ஆரம்பித்தார். மனைவியைக் கைப்பேசியில் கூப்பிட்டு, வீட்டுத் தரகரிடம் நல்ல வீடாகப் பார்க்கச் சொல்லச் சொன்னார். இரண்டு பாத்ரூம் வேண்டும் என்றும் சொன்னார்.

கூடம் திறந்தது. முதல் வாடிக்கையாளர் உட்கார்ந்தார். கவுண்டர் அக்கா தட்டினாள். விலை வந்தது. அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, அதுக்குள்ளயா?"

"ஆமா சார். இப்ப வேகமாயிடுச்சு."

"வேகமான்னா? என் காரைப் பத்தி யோசிக்கவே இல்லையே! ஏற்கெனவே எழுதிவெச்சதை எடுத்துக் காட்டறீங்களா? மறுபடியும் தட்டு. நல்லா பாத்துச் சொல்லச் சொல்லு."

மறுபடி தட்டினாள். அதே விலை, அதே வேகம்.

"பாத்தீங்களா! இப்பவும் யோசிக்கல!" என்று அவர் எழுந்து நின்று கூடத்துக்கே முறையிட்டார். "பொத்தானைத் தட்டறதுக்கா நான் இவ்வளவு காசு குடுக்கணும்? இதை என் பேத்தி தட்டுவா!"

"எனக்கு நேத்து அவ்வளவு நேரம் பாத்துச் சொன்னாங்க. அப்ப அதுதான் சரியான விலை. இன்னைக்குச் சொல்றது எல்லாம் போலி" என்று, இன்னொரு காரோடு வந்திருந்த ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

"அப்ப நேத்து என்னை ஏன்யா உக்காரவெச்சீங்க?" என்றார் நேற்றும் வந்துபோன மற்றொருவர்.

ஆளுக்கொரு பக்கம் கத்த ஆரம்பித்தார்கள். கட்டணத்தைப் பாதியாகக் குறை என்றார்கள், திருப்பிக் கொடு என்றார்கள். மேனேஜர் நாற்காலி மேல் ஏறி நின்று, வேகம்தான் நம் எதிர்காலம் என்று பேசினார். யாரோ அவரை இறங்கச் சொன்னார்கள், மரியாதை இல்லாமல்.

அப்போதுதான் கறுப்புக் கண்ணாடியோடு, டிரைவரின் தோளைப் பிடித்துக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். கவுண்டர் திரையைப் பார்த்தார். ஒரு விலை வந்த வேகத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் வெளுத்தது. மேனேஜரையும் நிபுணரையும் கைகாட்டி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்த வரியை யாரு எடுத்தது?"

"இவர்தான் மாமா!" என்றார் மேனேஜர். கட்டிக்கொண்ட அதே கையால் சுட்டிக்காட்டினார்.

"கடை திறந்த புதுசுல இப்படித்தான் பட்டுபட்டுன்னு விலை வந்தது" என்றார் முதலாளி. "ஒருத்தன் நம்பல. ஒருத்தன் காசு குடுக்கல. கார் விலை சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யோசிக்கற மாதிரி இருக்கணும்னு நான்தான் அந்த வரியைப் போடச் சொன்னேன். அன்னைல இருந்துதான் இந்தக் கடை ஓடுது. உங்களைத் தொட வேண்டாம்னு சொல்லிட்டுத்தானய்யா போனேன்?"

"சார், நான் கண்டுபிடிச்சேன் சார்! அது எவ்வளவு கஷ்டமான..."

"அந்த வரியை இருந்த இடத்துல வெச்சுட்டுக் கிளம்புங்க. நாளைல இருந்து வர வேண்டாம்."

நிபுணர் அந்த வரியைத் தானே தட்டித் திரும்ப வைத்தார். வெளியே வட்டம் சுற்றத் தொடங்கியது. கூடம் மெல்ல அடங்கி, கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தது. "ஆங், இப்பதான் ஒழுங்காப் பாக்கறாங்க" என்றார் யாரோ.

முதலாளி கடைசியாகச் செய்த மரியாதை, டிரைவரை விட்டு வீட்டில் இறக்கிவிடச் சொன்னது. பின் இருக்கையில் நிபுணர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. மனைவிதான். தரகர் ஏதோ வீடு காட்டியிருப்பார். அவர் எடுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுதான்ப்பா புரியல" என்றார் டிரைவரிடம். "அன்னைக்கு அத்தனை பேர்ல என் ஒருத்தனைப் பாத்துத்தான அவரு எழுந்து வந்து கையைப் பிடிச்சாரு? அவ்வளவு பெரிய அறிவாளின்னு என்னை மதிச்ச மனுஷன், இன்னைக்கு ஏன் இப்படி மாறிட்டாரு?"

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பினார்.

"உங்களுக்கு முன்னாடி உள்ள போன அத்தனை பேரும் மொத வரியைப் பாத்ததுமே 'இது என்ன'ன்னு கேட்டுட்டாங்களாம் சார். 'கண்டிப்பா இவன் கண்டுபிடிக்க மாட்டான்'னு நம்பித்தானே சார் உங்களை வேலைக்கே எடுத்தாரு!"